தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று, இனி என்ன படிக்கலாம்?

வேப்பமரத்தடி | பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். 22 வருடம் தமிழாசிரியராக இருந்துவிட்டு இந்த ஜூனில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். 700 பிள்ளைகள், 31 ஆசிரியர்கள், ஓர் இளநிலை உதவியாளர் பணியிடம், அதுவும் காலி.

வகுப்பறையைப் பற்றி எனக்குப் பயமில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு யாப்பிலக்கணம் நடத்தியவளுக்கு வேறு எதைக் கண்டு பயம்? ஆனால் ஆசிரியர் ஓய்வறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நிற்கிறதே, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழைய பள்ளியில் எச்.எம். உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தியவர்களில் நானும் ஒருத்திதான். அந்த மௌனம் வெளியிலிருந்து எப்படிக் கேட்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

பயிற்சியில் ஒரு கையேடு கொடுத்தார்கள். அதில் வரும் தலைவருக்கு எல்லா அத்தியாயத்திலும் தொலைநோக்கு இருக்கிறது. அவர் பள்ளியில் யாரும் தாமதமாக வருவதில்லை. எனக்கு அந்தப் பள்ளி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நாவல், சுயசரிதை, ஆய்வு, எதுவானாலும் சொல்லுங்கள். ஆங்கிலம் மெதுவாகப் படிப்பேன்.

சாக்பீஸ் | பதிவு 2

வாழ்த்துகள் டீச்சர். முதல் வேலையாக, பள்ளி விவரமெல்லாம் ஏற்றுகிற எமிஸ் தளத்தின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய எச்.எம். பெயரும் பிறந்த வருடமுமாகத்தான் இருக்கும். புத்தகம் அப்புறம்.

பழைய மணியோசை | பதிவு 3

அம்மா, நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார். நீங்கள் இப்போது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அலுவலர். கணக்கில் தப்பு யார் செய்திருந்தாலும் தணிக்கையில் பதில் சொல்வது உங்கள் கையெழுத்து.

ஆகவே முதல் அலமாரியில் அரசு ஊழியருக்கான அடிப்படை விதிகள், 1933ஆம் ஆண்டு விடுப்பு விதிகள், நிதி விதித்தொகுப்பு. இந்த மூன்றும் இலக்கியம் இல்லைதான். ஆனால் ஒரு டீச்சர் மகப்பேறு விடுப்பில் சந்தேகம் கேட்டு நிற்கும்போது ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று நான்கு நாள் இழுத்தீர்கள் என்றால், தலைமைப் பண்பு பற்றி எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் மரியாதை போச்சு. ஓய்வறை மௌனத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. ‘இந்த அம்மாவுக்கு விதி தெரியும், நமக்குச் சேர வேண்டியதை நிறுத்தி வைக்க மாட்டார்’ என்று தெரிந்தால் போதும், பேச்சு தானாக வரும்.

ரொக்கப் பதிவேட்டை அன்றன்று மாலையே முடித்துக் கையெழுத்துப் போடுங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நூலகப்பூனை | பதிவு 4

மணியோசை அய்யா அலமாரியின் மேல்தட்டை நிரப்பிவிட்டார். நான் கீழ்த்தட்டுக்கு வருகிறேன்.

கிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். 1930களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதியது. படித்த எல்லோரும் லட்சுமிராம் வாத்தியார் பக்கம் நின்றே படித்திருப்போம். நீங்கள் இனி மேசைக்கு அந்தப் பக்கம். ஆகவே இந்த முறை கல்வி அதிகாரியாக இருந்து படித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் வந்து, ‘நாலாம் வகுப்பைக் கொடுங்கள், ஒரு வருடம் என் போக்கில் நடத்திப் பார்க்கிறேன்’ என்கிறார். அதிகாரிக்கு முழு நம்பிக்கை இல்லை. வருடக் கடைசியில் தேர்வு உண்டு என்று ஞாபகப்படுத்திவிட்டு, வகுப்பைக் கொடுத்துவிடுகிறார்.

முதல் நாளே அமைதி விளையாட்டு என்று ஆரம்பித்து வகுப்பு சந்தைக்கடை ஆகிறது. லட்சுமிராம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். யாரைக் கேட்டு லீவு விட்டீர்கள் என்று தலைமையாசிரியர் கடிந்துகொள்கிறார். அவர் கேட்டதும் நியாயம்தானே? அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே படித்தால் அது வேறு புத்தகம் ஆகிவிடும். முதல் நாள் கெட்டுப்போனதைப் பொறுத்துக்கொள்ள மேலே ஒருவர் இருந்ததால்தான் மறுநாள் லட்சுமிராமுக்குக் கதை சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

அடுத்தது, வேறு எது, ஜப்பானின் தெத்சுகோ குரோயநாகி தான் சிறுமியாகப் படித்த பள்ளியைப் பற்றி எழுதிய ‘டோட்டோசான்’.

சாக்பீஸ் | பதிவு 5

வந்துவிட்டதா டோட்டோசான்! ஆசிரியர் தினத்துக்கு டோட்டோசான், பயிற்சிக்குப் போனால் டோட்டோசான், ஓய்வு பெற்றால் சால்வையோடு டோட்டோசான். பூனையாரே, அதில் வரும் டோமோயி பள்ளியில் மொத்தமே ஐம்பது பிள்ளைகள். தலைமையாசிரியர் கொபயாஷி சொந்தமாக நடத்திய பள்ளி. ரயில் பெட்டியில் வகுப்பு வைத்தால் கட்டடத் தகுதிச் சான்றிதழ் கேட்டு யாரும் வரவில்லை. அவர் முதல் நாள் ஒரு குழந்தை பேசுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார் என்று படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அட்மிஷன் நேரத்தில் டீச்சர் நாலு மணி நேரம் ஒரு குழந்தையைக் கேட்டால் வரிசை பேருந்து நிலையம் வரைக்கும் நிற்கும்.

நூலகப்பூனை | பதிவு 6

அந்த நாலு மணி நேரத்தை நான் சொல்லவே வரவில்லை. நான் சொல்ல வந்தது சமையலறை.

ஞாபகம் இருக்கிறதா? கை கால் வளர்ச்சி நின்றுபோன தக்காஹாஷி என்ற பையனிடம், வகுப்பாசிரியை ஏதோ பேச்சுவாக்கில் உனக்கு வால் இருக்கிறதா என்று வேடிக்கையாகக் கேட்டுவிடுகிறார். மனதில் வஞ்சம் வைத்துக் கேட்டதில்லை. அந்தப் பையனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று கொபயாஷி கொதித்துப்போகிறார். ஆனால் மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் வைத்துக் கேட்கவில்லை. சமையலறையில் தனியாக வைத்துக் கேட்கிறார். தற்செயலாக டோட்டோசான் காதில் விழுந்ததால்தான் நமக்கே தெரிகிறது.

1981இல் புத்தகம் எழுதும்போது தெத்சுகோ குரோயநாகிக்கு அது எந்த அறை என்பதுகூட மறக்கவில்லை, பாருங்கள். பள்ளியே 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. ரயில் பெட்டிக்குச் செலவாகும் சாக்பீஸ், சமையலறைக்குச் செலவு இல்லை.

சாக்பீஸ் | பதிவு 7

சரி. இது எனக்கு ஞாபகம் இல்லை. திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

பழைய மணியோசை | பதிவு 8

பூனை எழுதியதைப் படித்துவிட்டு மதியம் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எச்.எம். ஆன இரண்டாம் வருடம். ஒரு கணித ஆசிரியர் தொடர்ந்து பத்து நிமிடம் தாமதமாக வருவார். அவர் ஊரிலிருந்து ஒரே பஸ், அதுவும் அந்த வருடம் நேரம் மாறிவிட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. ஒருநாள் கையெழுத்துப் போட வந்தவரை, எல்லோரும் இருக்கும்போதே, ‘பள்ளிக்கூடம் உங்கள் மாமியார் வீடா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் சரியாக வந்தார். முந்தைய பஸ்ஸில் ஏழரைக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். (தங்கள் பெயரைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது அம்மா.) மொத்தப் பேரும் சரியாக வந்தார்கள். சரியாக 4.10க்குப் போனார்கள். அதுவரை பத்தாம் வகுப்புக்கு மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். யாரும் மறுப்பு எழுதிக் கொடுக்கவில்லை. விதிப்படி நான் கேட்கவும் முடியாது. அந்த வருடத் தேர்ச்சியை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டோட்டோசானைப் பேத்தியின் புத்தகப் பையிலிருந்து எடுத்து, ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். சமையலறை வந்த பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

காக்கைப்பொன் | பதிவு 9

அய்யா எழுதியதற்குக் கல்வி ஆய்வில் ஒரு பெயர் உண்டு: உறவுசார் நம்பிக்கை. ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990களில் வருடக்கணக்கில் கவனித்து 2002இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பள்ளியில் பெரியவர்களுக்குள் இருக்கும் நம்பிக்கைதான் அதன் பொருள். ஒருவரையொருவர் நான்கு விஷயத்தில் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறோமாம்: மரியாதை கொடுக்கிறாரா, வேலை தெரிந்தவரா, என்மேல் தனிப்பட்ட அக்கறை உண்டா, சொன்னதைச் செய்கிறாரா. இதில் ஒன்று உடைந்தாலும் மற்ற மூன்றும் ஆட்டம் காணும். அய்யாவுக்கு விதி தெரியும், நேர்மைக்கும் குறைவில்லை. மரியாதை என்ற ஒரு கால் உடைந்தது, ஆறு மணி வகுப்பு நின்றது.

இன்னொன்று, நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட கட்டுரை. தலைமைக்கும் பிள்ளைகளின் கற்றலுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்த 27 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசியது. தலைவர் செய்யும் வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இலக்கு வைப்பது, பணமும் ஆளும் ஒதுக்குவது, பாடத்திட்டத்தை மேற்பார்ப்பது, ஒழுங்கான சூழல், எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. ஆனால் மற்றவற்றை வெகுவாகப் பின்னால் தள்ளியது ஒன்று: ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் தலைவரும் ஒரு மாணவராக உட்கார்ந்திருப்பது. நம் ஊரில் பயிற்சிக்கு எச்.எம். வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், இரண்டு வார்த்தை பேசுவார், ‘அலுவலக வேலை இருக்கிறது’ என்று எழுந்துவிடுவார். கட்டுரை அந்த எழுந்துபோதலைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மெதுவாகப் படிப்பேன் என்றீர்களே, அதற்கு ஏற்றது ஹாரி வால்காட் 1973இல் எழுதிய புத்தகம். மானுடவியல்காரர். பழங்குடிகளைப் பற்றி எழுதுகிற மாதிரியே, ஓர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் பின்னாலேயே இரண்டு வருடம் அலைந்து எழுதினார். அந்த மனிதர் பெரிதாக எதுவும் சாதிப்பதில்லை. நாள் முழுக்கப் பேசுகிறார், கூட்டத்துக்குப் போகிறார், வராந்தாவில் யாரோ நிறுத்திப் பேசுகிறார்கள். ‘ஒரு வேலையும் ஓடவில்லையே’ என்று வீட்டுக்குப் போகும்போது தோன்றுமே, அந்தப் பேச்சுதான் வேலை என்று அதைப் படித்தால் புரியும். தொலைநோக்கு இல்லாத கையேடு தேடினீர்கள் அல்லவா, இதோ.

வேப்பமரத்தடி | பதிவு 10

எல்லோருக்கும் நன்றி. அய்யா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

நான் தமிழாசிரியர் என்பதால் என் பங்குக்கு ஒன்று. நன்னூல் பொதுப்பாயிரத்தில் யாரெல்லாம் ஆசிரியராக இருக்கத் தகாதவர் என்று பவணந்தி நான்கு உவமை சொல்கிறார். 22 வருடம் அதை ஆசிரியருக்குச் சொன்னதாகவே நடத்தினேன். இப்போது எச்.எம்.மை வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் சுடுகிறது.

கழற்குடம்: குடத்தில் கழற்சிக்காயைப் போட்டுக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய சுற்றறிக்கையை வெள்ளிக்கிழமையும் வெள்ளிக்கிழமைக்கானதைத் திங்களும் அனுப்பும் எச்.எம். மடற்பனை: கருக்கு மட்டை சுற்றி நிற்பதால் யாரும் ஏற முடியாது, பழம் தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். பருத்திக் குண்டிகை: சின்ன வாய்க் குடுக்கையில் பஞ்சை அடைத்து வைத்தால் கிள்ளிக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். தகவலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குத் துளித் துளியாக வாட்ஸ்அப்பில் விடுபவர்.

நான்காவது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுவது இந்த வீடு, தென்னை வளைந்து காய் போடுவது பக்கத்து வீட்டில். பள்ளிக்கூடத்து உழைப்பையெல்லாம் அறிக்கையாகவும் போட்டோவாகவும் மாற்றி மேலே அனுப்பிப் பெயர் வாங்குபவர். இப்படி ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். நாங்கள் ஊற்றிய தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை.

காக்கைப்பொன் | பதிவு 11

அருமை. ஆனால் டீச்சர், அதே பாயிரத்தில் நல்லாசிரியருக்கு முதல் தகுதியாக வருவது ‘குலன்’. நல்ல குடியில் பிறந்திருக்க வேண்டும். தென்னையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் விட்டுவிடலாமா?

வேப்பமரத்தடி | பதிவு 12

விட முடியாது. வகுப்பில் அந்தச் சொல் வரும்போது ஒவ்வொரு வருடமும் நின்றிருக்கிறேன். உரைகாரர்களைக் காட்டி ‘உயர்ந்த பண்பு என்று கொள்க’ என்று மழுப்பிய வருடங்களும் உண்டு. போன வருடம் ஒரு பெண் எழுந்து, ‘அப்போ எங்க தெருவுல யாரும் வாத்தியார் ஆயிருக்க முடியாதா மிஸ்?’ என்று கேட்டாள். முடியாதுதான் என்று சொன்னேன். 13ஆம் நூற்றாண்டு அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இந்தப் பாட்டை நீ படிக்க வேண்டும் என்றேன். அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வடமராட்சியான் | பதிவு 13

வணக்கம் ரீச்சர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் உப அதிபராக, உங்கட பேச்சில் துணைத் தலைமையாசிரியராக, இருக்கிறேன். உங்கட ஓய்வறை மௌனம் கடல் தாண்டியும் அதே மௌனம்தான்.

எங்கட தலைமுறை சோவியத் புத்தகம் வாசித்து வளர்ந்தது. ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ வாசித்திருப்பீர்கள். துய்ஷேன் தானே சரியாக எழுத்து அறியாதவன். ஒரு குதிரை லாயத்தைத் திருத்திப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான், குளிர்ந்த ஆற்றைக் கடக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். எல்லாரும் அழுவது அங்கேதான். நான் அதிபர் பரீட்சைக்குப் படித்த காலத்தில் திரும்ப வாசித்தபோது தொடக்கம்தான் என்னைப் பிடித்தது. ஊரில் புதுப் பாடசாலைத் திறப்பு விழா. பெரிய ஆட்கள் எல்லாம் உள்ளே விருந்தில். பழைய மாணவர்களின் வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார் ஒரு வயோதிபத் தபால்காரர். அவர்தான் துய்ஷேன்.

ஒவ்வொரு பரிசளிப்பு விழாவுக்கும் கதிரை ஒழுங்குபடுத்தும்போது எனக்கு அந்தத் தபால்காரர் நினைவுதான். போன முறை எங்கட பழைய காவலாளியை முன்வரிசையில் இருத்தினேன். வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு கதிரை குறைந்துபோனது. பிறகு விளக்கம் கேட்டார்கள்.

சாக்பீஸ் | பதிவு 14

ஒரு கணக்கு வாத்தியாராக நான் ஒன்று சேர்க்கிறேன். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் லோரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளி. அங்கே படித்த எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய புத்தகம் 1967இல் வந்தது. கோபம்தான். ஆனால் வெறும் கோபமில்லை, உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். யார் ஃபெயிலாகிறார்கள், அவர்கள் அப்பாவுக்கு என்ன வேலை, எந்த வகுப்பில் காணாமல் போகிறார்கள் என்று. நலமாக இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்த்து நோயாளிகளை வெளியே அனுப்புகிற ஆஸ்பத்திரி என்று பள்ளியைச் சொல்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு என்ன? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம். வகுத்தலில் மேலே இருப்பதைக் கூட்டுவது கஷ்டம், கீழே இருப்பதைக் குறைப்பது சுலபம். ஒன்பதாம் வகுப்பு முடிவில், ‘உன் பையனுக்கு ஐ.டி.ஐ. நல்லது’ என்று ஒரு அப்பாவிடம் அன்பாகப் பேசி டி.சி. கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வருடம் அந்தப் பள்ளி நூறு சதவீதம். மாலை போட்டார்கள். டீச்சர், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உங்களிடமும் ஒரு மார்ச் மாதம் இப்படி ஒரு பட்டியலோடு யாராவது வருவார்கள். அதற்கு முன்னால் இந்தப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

பழைய மணியோசை | பதிவு 15

தம்பி சொல்வது நடக்கிற கதை. நான் மறுக்கவில்லை.

வேப்பமரத்தடி | பதிவு 16

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கால் ஆண்டுத் தேர்வு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், நடுவில் ஒரு மழை, ஒழுகும் கூரை.

முதலில் தோல்வி. இயற்பியல் ஆசிரியர் ஒருவர் செய்முறை வகுப்பையே எடுக்கவில்லை என்று தெரிந்தது. கோபத்தில் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில், பெயர் போடாமல், ஆனால் யார் என்று 31 பேருக்கும் தெரிகிற மாதிரி நாலு வரி தட்டிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அய்யாவின் ‘மாமியார் வீடு’ ஞாபகம் வந்தது. உடனே அழித்தேன். செய்தி அழிக்கப்பட்டது என்று அந்தச் சனியன் அங்கேயே எழுதிக் காட்டுகிறது. ஆறு பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள்.

சத்துணவுச் சமையலறைக்குக் கூப்பிட முடியாது, புகை. ஆய்வகத்துக்கு நானே போனேன். ‘சார், குழுவில் போட்டது தப்பு. கேட்க வேண்டியதை இங்கே கேட்கிறேன்’ என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து காட்டினார். வோல்ட்மீட்டர் ஒன்பதில் இரண்டுதான் ஓடுகிறது. இரண்டு வருடமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதங்கள் என் மேசை டிராயரிலேயே, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்துக் கட்டில் இருந்தன.

அப்புறம், ராபின்சன் சொன்னபடி வேதியியல் டீச்சர் புதிய ஆசிரியர் இருவருக்குப் பரிசோதனை சொல்லிக் கொடுத்த நாளில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்று எனக்கு அன்றுதான் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஓய்வறைக்குள் போனபோது பேச்சு நின்றது, ஆனால் கொஞ்சம் தாமதமாக நின்றது.

இரவில் ‘என் சரித்திரம்’ திரும்பப் படிக்கிறேன். உ.வே.சா.வை விட இந்த முறை தியாகராச செட்டியார்தான் கண்ணில் படுகிறார். கும்பகோணம் கல்லூரியில் அத்தனை செல்வாக்கோடு இருந்தவர், ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு யார் வேண்டும் என்று தானே தேடி, 1880இல் இளைஞரான உ.வே.சா.வை முன்னால் நிறுத்திவிட்டு நகர்ந்துகொண்டார். என் டிராயரில் முன்னவர் விட்டுப்போனது பதில் எழுதாத கடிதக் கட்டு.

நூலக பீரோ சாவியும் அதே டிராயரில்தான் இருந்தது. வகுப்புக்கு ஒருவராக ஏழு பிள்ளைகளை வைத்துத் திறந்தோம். பிரிக்காத கட்டுகளே பாதி.

பழைய மணியோசை | பதிவு 17

மகிழ்ச்சி அம்மா. பீரோவில் இருக்கும் புத்தகத்தை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டீர்களா? தணிக்கையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சாக்பீஸ் | பதிவு 18

அய்யா!

வேப்பமரத்தடி | பதிவு 19

ஒப்பிட்டேன் அய்யா. 37 குறைகிறது. டோட்டோசான் மூன்று பிரதியும் போய்விட்டது, பகல் கனவு போய்விட்டது. நன்னூல் நான்கு பிரதியும் பத்திரமாக இருக்கிறது.